முதல் கறவை மாடு வாங்குகிறவர்களுக்கு: சந்தைக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள்

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 14 வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள் நான். 3,000 பீஸ் பெட்டிகளில் வந்து நின்றால் 125 பீஸ் எடுப்போம். 7 பழுது வரை ஏற்றுக்கொள்வோம், 8 வந்தால் மொத்தத்தையும் திருப்பிவிடுவோம். இந்த அட்டவணை எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். செக்கிங் ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் சப்ளையர் நல்ல பீஸ்களை மேல்பெட்டிக்கு மாற்றுவார் என்பதும் தெரியும். அதனால் கைக்கு எட்டும் பெட்டியை ஒருநாளும் பிரித்ததில்லை.

அப்படிப்பட்டவள் வேலையை விட்டு வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்துக்கே வந்து, முதல் கறவையை ஒரு சந்தையில் 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். 12 லிட்டர் என்று சொன்ன மாடு. ஓட்டிவந்த நாலாம் நாள் காலையில் மூன்றரை, சாயங்காலம் இரண்டே முக்கால். பால் சட்டியைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்த என்னிடம் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, பன்னெண்டு லிட்டரு கறக்குற மாட்ட எவனாச்சும் சந்தைக்கு ஓட்டியாருவானா?"

இரண்டாவது மாட்டிலும் அடி வாங்கினேன். மூன்றாவதுதான் இன்றைக்கும் கட்டுத்தரையில் நிற்கிறது. முதல் இரண்டிலும் நான் கண் மூடி வாங்கவில்லை. முன்னால் நின்ற மாடுகளில் நல்லதைத்தான் பொறுக்கினேன். நான் பொறுக்குவதற்கு முன்னாலேயே வேறு யாரோ ஒருமுறை பொறுக்கி முடித்திருந்தார்கள், அதைத்தான் கவனிக்கவில்லை. கீழே உள்ள படிகள் பெரும்பாலும் அந்த முதல் பொறுக்கலைக் கண்டுபிடிப்பதற்கானவை.

## 1. எதற்கு மாடு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

சொசைட்டிக்குப் பால் ஊற்றவா, வீட்டுச் செலவுக்கா, நாட்டு மாடு கட்டியிருக்க வேண்டும் என்ற ஆசைக்கா? மூன்றுக்கும் என்று எழுதினால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

காங்கேயம் மாடு ஒரு நாளைக்கு 2, 3 லிட்டர் கறக்கும். தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் அதை ஏருக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கவும் பார்த்துப் பார்த்துக் காளை சேர்த்தார்கள். கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்துவிட்டு வெள்வேல மர நிழலில் நின்று வெயிலைத் தாங்கும் மாடு கிடைத்தது. பாலுக்கென்று அதை யாரும் பொறுக்கவில்லை, அதனால் பால் ஏறவில்லை. அதை வாங்கி வந்து "பால் இல்லையே" என்று கறுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பால் விற்கத்தான் என்றால் நம் வெயிலுக்கு ஜெர்சி கலப்பு என்பது என் கட்சி. ஹோல்ஸ்டீன் கலப்பு கூடக் கறக்கும். ஆனால் சித்திரை வெயிலில் அது மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பாலில் கொழுப்பும் ஜெர்சி கலப்பில் கூடுதல், சொசைட்டியில் விலை போடுவதே கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்துத்தான்.

பாலும் வேண்டும், சாதுவாகவும் வேண்டும், கொம்பு அழகாகவும் வேண்டும், நிறமும் செவலையாக வேண்டும் என்று நாலு குணம் கேட்டால் ஒவ்வொன்றிலும் விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும். மாட்டினம் வளர்க்கிறவர்கள் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 4 குணங்களைச் சேர்த்துப் பொறுக்கினால், ஒரே குணத்தைப் பொறுக்கும்போது கிடைக்கும் முன்னேற்றத்தில் ஒவ்வொன்றிலும் பாதிதான் கிடைக்கும். உங்கள் தாளில் இரண்டு குணத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

## 2. மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டது போதும், விட்டவர்களைக் கேளுங்கள்

"10 மாடு, மாதம் லட்சம்" என்ற வீடியோக்கள் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொட்டகையைப் பிரித்துத் தகரத்தை எடைக்குப் போட்டவரிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியலாளர் இதே சிக்கலுக்குத்தான் கணக்குப் போட்டார். திரும்பி வந்த விமானங்களில் குண்டுத் துளைகள் எங்கே அதிகம் என்று பார்த்து அங்கே கவசம் போடுவதுதான் எல்லாருக்கும் தோன்றும் யோசனை. துளையே இல்லாத இடத்தைத்தான் பார்க்க வேண்டும், அங்கே அடிபட்ட விமானம் திரும்பி வரவில்லை என்பது அவர் கணக்கின் சாரம். அந்த மனிதர் 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி இறந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும்போது அந்த மலையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் அவர் நினைவுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். உங்கள் ஊர் பால் சொசைட்டிக்குப் போய், கடந்த 3 வருஷத்தில் பால் ஊற்றுவதை நிறுத்தியவர்கள் யார் என்று கேளுங்கள். ஏட்டில் பெயர் இருக்கும். எங்கள் ஊரில் 9 பெயர் வந்தது. 6 வீட்டுக்குப் போனேன். "கறக்க ஆளில்லை அம்மிணி" என்றவர்கள் 4 பேர். பிள்ளைகள் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ போய்விட்டார்கள், கைமுட்டி வலிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கு மடிநோய். தீவன விலை என்று ஒருவர்கூட முதல் காரணமாகச் சொல்லவில்லை, நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். ஒரு சாயங்காலம் செலவாகும், காசு செலவில்லை. இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

## 3. அந்த மாடு ஏன் விற்பனைக்கு வந்தது?

மாடு வரும் வழி மூன்று. ஒன்று, தெரிந்தவர் கட்டுத்தரையிலிருந்து நேராக. இரண்டு, தரகர் கைகாட்டும் வீடு. மூன்று, சந்தை. ஈரோடு கருங்கல்பாளையம் சந்தை வியாழக்கிழமையில் கூடும். காங்கேயம் மாடு மட்டும்தான் என்றால் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை. வருஷத்துக்கு ஒருமுறை என்றால் சித்திரையில் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை.

சந்தையில் எல்லா மாடும் மோசம் என்று சொல்லவரவில்லை. ஆனால் ஒரு மாட்டின் குறை விற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. குறை இருக்கலாம் என்று நினைத்து நீங்கள் நடுத்தர விலைதான் கேட்பீர்கள். அந்த விலைக்கு நல்ல மாட்டுக்காரர் கயிற்றைக் கொடுக்கமாட்டார், வீட்டுக்கே ஓட்டிப்போய்விடுவார். அவர் போகப் போக மிச்சம் நிற்பவற்றின் தரம் இறங்கும், விலையும் இறங்கும். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் விற்பனையை வைத்து 1970-ல் இதை எழுதினார், 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எங்கள் அமுச்சி அதைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே வரியில் சொல்லிவிட்டது.

இன்னொரு பொறி இருக்கிறது, இது கொஞ்சம் நுணுக்கம். "கறக்குற மாடு உதைக்கத்தான் செய்யும்" என்று சந்தையில் ஆளுக்கு ஆள் சொல்வார்கள். பார்த்தால் உண்மை போலவே இருக்கும்: பால் மாடெல்லாம் துள்ளும், சாதுவான மாட்டுக்குப் பால் இருக்காது. கணக்காகப் பாருங்கள். ஒரு ஊரில் 100 மாடு என்று வைத்துக்கொள்வோம். 25 மாடு நன்றாகக் கறக்கும், சாது. 25 கறக்கும், உதைக்கும். 25 சாது, பால் குறைவு. 25-க்குப் பாலும் இல்லை, குணமும் இல்லை. முதல் 25 மாட்டை யாரும் விற்கமாட்டார்கள். மிச்சம் 75 சந்தைக்கு வருகிறது. அங்கே உதைக்கும் மாடு 50, அதில் பாதி நன்றாகக் கறக்கும். சாதுவான மாடு 25, அதில் ஒன்றுகூட நன்றாகக் கறக்காது! ஊருக்குள் பாலுக்கும் உதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விற்பனைக்கு வருவதே ஒரு சல்லடை, சலித்த பிறகு இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தெரிகிறது. ஜோசப் பெர்க்சன் என்ற மருத்துவர் 1946-ல் ஆஸ்பத்திரி நோயாளிகளை வைத்து இதைக் காட்டினார். நான் என் இரண்டாவது மாட்டை "உதைக்குது, அப்போ பால் இருக்கும்" என்ற நம்பிக்கையில் வாங்கினேன். அது உதைத்ததற்குக் காரணம் ஒரு காம்பில் மடிநோய்.

ஆகையால் கேட்க வேண்டியது, "எத்தனை லிட்டர்?" இல்லை. "ஏனுங், எதுக்குக் குடுக்கறீங்?" என்பதுதான். மாட்டோடு சம்பந்தமில்லாத காரணமாக இருந்தால் நல்லது: கல்யாணச் செலவு, கறக்க ஆளில்லை, பாகப்பிரிவினை, கிணற்றில் தண்ணீர் இல்லை. சொன்ன காரணத்தைப் பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். காரணம் சொல்லத் தடுமாறினால் வண்டியைத் திருப்புங்கள். சந்தையில் வியாபாரி கையில் நிற்கும் மாட்டுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அவரே 3 நாள் முன்னால்தான் வாங்கியிருப்பார். முதல் மாடு வாங்குகிறவர்கள் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், டீ குடியுங்கள், விலை கேட்டுப் பழகுங்கள். கயிற்றைக் கையில் வாங்காமல் வாருங்கள்.

## 4. எந்த மாதம் வாங்குவது

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து புல் இருக்கும்போது விலை ஏறி நிற்கும், விற்பவர்களும் வேண்டாத மாட்டைத்தான் தள்ளுவார்கள். மாசியிலிருந்து சித்திரை வரை தட்டுப்போர் தீர்ந்து காடு காய்ந்து கிடக்கும்போது நல்ல மாட்டையும் மனசில்லாமல் விற்பார்கள். அப்போது வருகிற மாடு குறைக்காகப் பொறுக்கப்பட்டது இல்லை, தீவனம் இல்லாமல் வந்தது. விலையும் இறங்கியிருக்கும்.

ஒரே நிபந்தனை: உங்களிடம் தீவனம் இருக்க வேண்டும். 2 மாதத்துக்குச் சோளத்தட்டு அடுக்கியிருக்க வேண்டும், கோ 4 அல்லது கோ 5 புல் கொஞ்சமாவது தண்ணீர் பாய்ந்து நிற்க வேண்டும். அதற்குப் புல்லை மழைக்காலத்திலேயே நட்டிருக்க வேண்டும். மாட்டுக்கு முன்னால் புல் வாங்குங்கள் என்று இதைத்தான் சொல்வார்கள்.

## 5. எத்தனை மாடு பார்த்துவிட்டு முடிவெடுப்பது

முதல் மாட்டிலேயே விழுந்தவளும் நான்தான், மூன்றாவதுக்கு 30 மாடு பார்த்து எல்லாரையும் அலைக்கழித்தவளும் நான்தான்.

ஒவ்வொன்றாகத்தான் வரும், வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்காது என்ற நிலையில் எப்போது நிறுத்துவது என்பதற்குக் கணிதத்தில் விடை இருக்கிறது. பார்க்கப்போகும் மொத்தத்தில் 37 சதவீதத்தை வெறுமனே பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு, அதுவரை பார்த்த எல்லாவற்றையும் விட நல்லதாக எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 12 மாடு பார்ப்பதாக முடிவு செய்தால் முதல் 4 நோட்டில் எழுத மட்டும். 5-லிருந்து வாங்கும் கண்ணோடு பாருங்கள். இந்த வழியில் 12-ல் ஆகச் சிறந்ததைப் பிடிக்கும் வாய்ப்பு 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. குறைவாகத் தோன்றும், ஆனால் இதைவிட நல்ல வழி அந்த நிபந்தனைக்குள் இல்லை.

நம் விஷயம் இவ்வளவு கறார் இல்லை. வீட்டு மாடு ஒரு வாரம் காத்திருக்கும், திரும்பப் போய்க் கேட்கலாம். வானியல் அறிஞர் கெப்ளர் இரண்டாம் கல்யாணத்துக்கு 11 பெண் பார்த்துவிட்டு, கடைசியில் 5-வதாகப் பார்த்தவரிடமே திரும்பிப் போனார். மேலும் நமக்கு ஆகச் சிறந்த மாடு தேவையும் இல்லை. முதல் 2 இடத்தில் எது கிடைத்தாலும் போதும். அதனால் 12-க்கு 3 மாடு வேடிக்கை பார்த்தாலே போதும் என்பேன். ஆனால் அந்த 3-ஐ மட்டும் வாங்கவே கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பெட்ரோல் செலவு எனக்கு ஒரு மாட்டுக்குச் சராசரி 100 ரூபாய் ஆனது.

## 6. பால் பார்க்கிற முறை

இங்கேதான் என் 14 வருஷ வேலை கைகொடுத்தது, மூன்றாவது மாட்டுக்கு.

ஒரு கறவை பார்த்து ஏமாறாதீர்கள். விற்க நினைப்பவர் முந்தின வேளை கறக்காமல் விட்டுவிடுவார். மடி கட்டி நிற்கும், பால் இரட்டிப்பாக வரும். தொடர்ந்து மூன்று கறவை கேளுங்கள்: முதல் சாயங்காலம், மறுநாள் காலை, மறுநாள் சாயங்காலம். முதல் கறவையை ஒட்டக் கறக்கச் சொல்லி, அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மடியைக் காலி செய்ய மட்டும். அடுத்த இரண்டையும் உங்கள் சட்டியில், உங்கள் அளவையில் பாருங்கள். மூன்று வேளைக்கு ஒத்துக்கொள்ளாதவர் மாடு வேண்டாம்.

கொழுப்பு பார்க்கப் பால் எடுத்தால், சட்டியில் முழுப் பாலையும் கலக்கிவிட்டு எடுங்கள். முதலில் கறக்கும் பால் தண்ணியாக இருக்கும், கடைசிச் சொட்டுகள்தான் கெட்டி. கடைசிப் பாலை மட்டும் குப்பியில் பிடித்துக் கொடுத்தால் எந்த மாடும் அருமையான மாடுதான். மேல்பெட்டி பீஸ் கதையேதான் இது.

இனி உடம்பு. கீழ்த்தாடையில் 8 வெட்டுப்பல், மேலே பல்லே இருக்காது. பதறாதீர்கள், எல்லா மாட்டுக்கும் அப்படித்தான். 2 பல் என்றால் சுமார் 2 வயசு, கடை சேர்ந்துவிட்டால், அதாவது 8 பல்லும் முளைத்துவிட்டால், 4 வயசுக்கு மேல். இரண்டாம் அல்லது மூன்றாம் ஈத்து (கன்று ஈன்ற முறை) மாடாக வாங்குங்கள். தலையீத்தில் பால் தெரியாது. ஐந்தாறு ஈத்துக்கு மேல் விலை திரும்பாது. ஈன்று ஒரு மாதத்துக்குள் இருந்தால் நல்லது, ஏனென்றால் ஈன்ற 6-லிருந்து 8 வாரத்தில்தான் பால் உச்சம், பிறகு இறக்கம். கன்று அதனுடையதுதானா என்று பாருங்கள். தன் கன்றை நக்கும், ஊர்க் கன்றை எத்தும். நாலு காம்பிலும் தனித்தனியாகக் கறுப்புத் துணியில் இரண்டு பீச்சு பீச்சுங்கள். திரி திரியாக வந்தால் மடிநோய். இந்தத் துணி 10 ரூபாய். அதைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலை 41,000. அந்த மாட்டை விற்றபோது வந்தது 24,000.

கடைசியாக, நீங்கள் பார்த்த அளவில் 1 லிட்டர் கழித்து விலை பேசுங்கள். 12 மாட்டில் அதிகம் கறந்ததைத்தானே பொறுக்கினீர்கள்? அந்த அதிகத்தில் ஒரு பங்கு மாடு, ஒரு பங்கு அன்றைய அதிர்ஷ்டம். மாடு கூட வரும், அன்றைய அதிர்ஷ்டம் கூட வராது. விற்பவர் ஏமாற்றவே இல்லை என்றாலும் பால் குறையும். இது தெரியாமல் நல்லவர் ஒருவரிடம் சண்டைக்குப் போனதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

## 7. சுழி

சுழிக்கும் பாலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் பாருங்கள். முதுகு மயிரில் விழுந்த சுழி, பூரான் மேலே ஏறுவதுபோல் இருந்தால் ஏறுபூரான், நல்லது. இறங்கினால் இறங்குபூரான், ஆகாது. இறங்குபூரான் மாட்டை நீங்கள் நம்பாமல் வாங்கலாம், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் நம்புவார். நான் அதைச் சொல்லியே 4,000 குறைத்து வாங்கினேன். என் மூன்றாவது மாடு இறங்குபூரான்தான்.

## 8. செலவும் காகிதமும்

மூன்றாவது மாட்டுக்கு எனக்கு ஆனது இது: மாடு 63,000. தரகு 1,000. வண்டி வாடகை 1,800. மருத்துவர் வந்து பார்க்க, ரத்தப் பரிசோதனைக்கு 900. காப்பீடு 2,500. புதுக் கயிறு, சலங்கை, தீவனத் தாளி 1,400. முதல் மாதத் தீவனம் தனி. கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது கணக்கு. 10 லிட்டர் மாட்டுக்கு நாளைக்கு 5½ கிலோ. நான் வாங்கிய விலைக்கு மாதம் 5,000 வந்தது. மாட்டு விலைக்கு மேல் குறைந்தது 15,000 கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். தரகரிடம் தரகை முன்கூட்டியே பேசிவிடுங்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும் பேரத்துக்கு நீங்கள் புதுசு என்றால், வாய்விட்டே விலை சொல்லச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாங்கவேண்டிய காகிதங்கள்:

- கைச்சீட்டு. தேதி, நிறம், கொம்பு, பல், எத்தனையாம் ஈத்து, ஈன்ற தேதி, விலை, இரண்டு பேர் கையெழுத்து. சந்தையில் வாங்கினால் சந்தைச் சீட்டும்.
- காது வில்லை எண். மஞ்சள் வில்லையில் 12 இலக்கம் இருக்கும். விற்பவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற, இருவர் ஆதாரும் கைப்பேசி எண்ணும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகம் போக வேண்டும். விற்பவரை அன்றைக்கே கூட்டிப் போங்கள். பணம் கைமாறிய பிறகு அவர் வரமாட்டார்.
- கோமாரி ஊசி கடைசியாக எப்போது போட்டது என்ற விவரம். 6 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியது.
- கருச்சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவு. பணம் கொடுக்கும் முன் எடுங்கள். இந்த நோய் காய்ச்சாத பால் வழியாக மனிதருக்கும் வரும்.
- மருத்துவரின் உடல்நலச் சான்றும் மதிப்புச் சான்றும். வங்கிக் கடனுக்கும் காப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை. மாட்டை லாரியில் ஏற்றினால் பயணச் சான்று தனி.

காப்பீடு எடுக்கும்போது வில்லை தெரிகிற மாதிரி படம் எடுப்பார்கள். வில்லை விழுந்துவிட்டால் உடனே எழுதிக் கொடுத்துப் புது வில்லை போடுங்கள்; வில்லை இல்லாமல் இறந்த மாட்டுக்குப் பணம் வராது. பாலிசி தொடங்கி முதல் 15 நாளில் நோயில் இறந்தால் கிடைக்காது என்ற வரி பலவற்றில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். மானியத்தோடு கூடிய அரசுக் காப்பீடு நடப்பில் உண்டா என்று மருந்தகத்திலேயே கேட்கலாம்.

## 9. முதல் 21 நாள்

புது மாட்டைப் பழைய மாட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தனி இடம், தனித் தாளி. தீவனத்தை ஒரேயடியாக மாற்றாதீர்கள். விற்றவரிடமே ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். முதல் நாலைந்து நாள் பால் குறைவது இடம் மாறியதால். 10 நாளைக்குப் பிறகு ஏறாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அவசரத்துக்கு 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். காலை, சாயங்காலம், லிட்டர். நல்ல நாள் மட்டும் எழுதாமல் எல்லா நாளும்.

## 10. கன்றில் பொறுக்குவது

மாடு பருவத்துக்கு வந்ததைக் காலையில் பார்த்தால் அன்று சாயங்காலம் சினை ஊசி. சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலை. தவறினால் இன்னும் 21 நாள், அதாவது 21 நாள் தீவனம்.

"தாய் 12 லிட்டர், கன்றும் 12 கறக்கும்" என்று சொல்லிக் கிடேரியை (பெண் கன்றை) விற்பார்கள். கணக்கு இதோ. ஊர்ச் சராசரி 8 லிட்டர், தாய் 12, கூடுதல் 4. பால் அளவில் மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசத்தில் பிறப்பு வழியாகக் கடத்தப்படுவது கால் பங்கு போல. மிச்சம் தீவனம், கவனிப்பு, அதிர்ஷ்டம். ஆக 1 லிட்டர். அதில் தாய் தருவது பாதி, மறுபாதி காளையுடையது. தாயின் அந்த 4 லிட்டர் கூடுதலில் கன்றுக்கு எதிர்பார்க்கக்கூடியது அரை லிட்டர்! தாயின் பாலுக்காகக் கிடேரிக்கு 10,000 கூடக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

காளை பக்கம்தான் உங்களுக்கு லாபம். காளை கறக்காது, அதனால் அதன் மகள்கள் பலவற்றின் பாலை அளந்து காளையைப் பொறுக்குகிறார்கள். அப்படிப் பொறுக்கிய காளையின் விந்துக் குச்சி உங்கள் வாசலுக்கே வருகிறது. குச்சியில் இனமும் காளை எண்ணும் அச்சிட்டிருக்கும். ஊசி போட வருகிறவரிடம் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி எண்ணை நோட்டில் எழுதுங்கள். அப்பன் எண் தெரியாமல் மகளுக்கும் அதே காளையைப் போட்டுவிடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. கிடேரியே பிறக்க வேண்டும் என்றால் ஆண், பெண் பிரித்த விந்து கேளுங்கள், 10-க்கு 9 கிடேரி. பெண் கன்று தரும் அணுவில் மரபுப் பொருள் 4 சதவீதம் போலக் கூடுதல், அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே இயந்திரம் பிரிக்கிறது. விலை அதிகம், நன்றாகச் சினை நிற்கும் மாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

## 11. நீங்கள் விற்கும்போது

என் முதல் மாட்டை, அந்த ஆறேகால் லிட்டர் மாட்டை, ஒரு வருஷம் கழித்து விற்றேன். நல்ல சாது, நோய் நொடி இல்லை. பார்க்க வந்தவரிடம் உள்ளதைச் சொன்னேன்: "ஆறு லிட்டர்தாங்க அண்ணா கறக்குது. எனக்குச் சொசைட்டிக்குப் பத்தல, வீட்டுக்கு வெச்சுக்கறவங்களுக்கு நல்ல மாடு." அவர் மாட்டை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். இவளே ஆறு என்கிறாள், அப்போ நாலுதான் இருக்கும் என்று முகத்திலேயே தெரிந்தது. வருகிறேன் என்று போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு பேரும் அப்படியே.

நாலாவதாக வந்த ஒரு டீச்சரம்மாவுக்கு வாய் திறக்காமல் நோட்டைக் கொடுத்தேன். 11 மாதக் கறவை, இரண்டு வேளை, காய்ச்சலில் கிடந்த நாள் 2 லிட்டர் என்று எழுதியது உட்பட. அந்தம்மா காய்ச்சல் பக்கத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 46,000 கேட்டேன். 45,000 கொடுத்துவிட்டு, நோட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போனார்.